ரை லாகரைச் சுவைத்து மதிப்பெண் போடுவது எப்படி (நான் இரண்டு முறை சொதப்பிய பிறகு எழுதியது)

போன வருடம் எங்கள் வீட்டு பியர்க் குழுவில் ஒரு நண்பரின் ரை லாகருக்கு (ரை என்ற தானியம் சேர்த்த லாகர் வகை பியர்) 50க்கு 24 போட்டேன். "வாயில் வழுக்குகிறது, வெண்ணெய் வாடை அடிக்கிற குறை இருக்கிறது" என்று தாளில் எழுதியும் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனுபவசாலி அதே பியருக்கு 37 போட்டிருந்தார். அடுத்த கூட்டத்தில் ஜாக்கிரதையாக இருந்தேன். இன்னொருவரின் ரை லாகரில் நிஜமாகவே வெண்ணெய் வாடை வந்தது. "அது ரையின் குணம்" என்று பெருந்தன்மையாக 36 போட்டேன். அன்றைக்கும் நான்தான் தப்பு.

அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து பழகிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது அமெரிக்காவில் மில்வாக்கி பக்கம். ஜெர்மன்காரர்கள் வந்து லாகரை ஊன்றிய ஊர், அதனால் குழுவில் எல்லோருக்கும் லாகர் விஷயத்தில் நாக்கு நீளம். (பியர் காய்ச்சுகிறேன் என்று ஊரில் அம்மாவிடம் சொன்னால் அவர் காதில் சாராயம் என்றுதான் விழுகிறது. விட்டுவிட்டேன்.)

முதலில் ஒரு விஷயம். ரை என்றால் கம்பு இல்லை. சில அகராதிகளில் அப்படித்தான் போட்டிருக்கிறது, நம்பிவிடாதீர்கள். கம்பங்கூழ் செய்கிற கம்பு வேறு தானியம். ரை, கோதுமைக்கும் பார்லிக்கும் பங்காளி. ஜெர்மனி, போலந்து, ரஷ்யா மாதிரி குளிர்நாடுகளில் கறுப்பு ரொட்டி சுடுகிற தானியம். ரை லாகரில் பெரும்பாலும் பார்லி மால்ட்தான் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) இருக்கும். ரை சுமார் 10 முதல் 20 சதவீதம் வரை சேர்ப்பார்கள்.

ஜெர்மனியில் இதைத் தேடி அலையாதீர்கள். அந்த ஊர்ச் சட்டப்படி, ஈஸ்ட் அடியில் தங்கி நொதிக்கும் பியருக்கு, அதாவது லாகருக்கு, பார்லி மால்ட் மட்டும்தான். மேலே நொதிக்கும் வகைக்கு வேறு தானிய மால்ட்டும் போடலாம். அதனால் அங்கே ரை போட்ட பியர் என்றால் ரொகென்பியர், கோதுமை பியரின் ஈஸ்ட்டில் செய்வது. ரை லாகர் என்பது பெரும்பாலும் சின்ன அளவில் பியர் காய்ச்சும் அமெரிக்கக் கிராஃப்ட்காரர்களின் விளையாட்டு.

வாங்குவது

இரண்டு பியர் வேண்டும். ஒன்று ரை லாகர், இன்னொன்று ரை இல்லாத சாதாரண பில்ஸ்னர் (வெளிர் நிற லாகர் வகை). பக்கத்தில் ஒன்றை வைக்காமல் சுவைப்பது தராசில் ஒரு தட்டை மட்டும் வைத்து நிறுப்பது மாதிரி. பில்ஸ்னர் ஜெர்மன் வகையாக இருக்கட்டும். செக் நாட்டு பில்ஸ்னரில் கொஞ்சம் வெண்ணெய் வாசனை இருப்பது குறையாகாது, அது உங்களைக் குழப்பும்.

கேனில் கிடைத்தால் கேன். பச்சை பாட்டில் வேண்டவே வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் (பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) உள்ள கசப்புப் பொருள் உடைந்து, ஸ்கங்க் என்ற பிராணி பீச்சுகிற மாதிரி நாற்றம் வந்துவிடும். கேனின் அடியில் தேதி பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆனதை நான் தொடுவதில்லை.

கண்ணாடி

விலை உயர்ந்த கோப்பை எதுவும் தேவையில்லை, வாய் சற்றுக் குறுகின சின்ன கிளாஸ் போதும். ஆனால் சுத்தம் முக்கியம். டிஷ்வாஷரில் போடும் பளபளப்புத் திரவம் கண்ணாடியில் தங்கினால் நுரை நிற்காது, பழி ரை மேல் விழும். கிளாஸை உள்ளே நனைத்து உப்பைத் தூவிப் பாருங்கள். சீராக ஒட்டினால் சரி. ஒட்டாமல் வெற்றிடம் தெரிந்தால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. நான் கையால்தான் கழுவுகிறேன், துணியால் துடைக்காமல் காற்றில் காய விடுகிறேன்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 10, 15 நிமிடம் வெளியே வையுங்கள். 7 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்தால் ஊற்றலாம். அதைவிடக் குளிராக இருந்தால் மூக்குக்கு எதுவும் எட்டாது. கையால் தொட்டுப் பார்ப்பது எனக்குச் சரிப்படவில்லை. கறி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் சமையலறை வெப்பமானி ஒன்று வாங்குங்கள், இதில் நான் சிபாரிசு செய்யும் ஒரே கருவி அதுதான். செல்போன் ஆப்கள், வாசனைச் சக்கர அட்டைகள் எல்லாம் ஆரம்பத்தில் தொந்தரவு. நோட்டும் பேனாவும் போதும்.

ஒரு தடவைக்கு 80 மி.லி. ஊற்றினால் போதும். இது குடிக்கிற வேலை இல்லை. வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கண், மூக்கு

கண்ணுக்கு அதிக நேரம் வேண்டாம். ரை போட்டதில் லேசான மங்கல் இருக்கலாம், அது குற்றமில்லை. நுரை தடிமனாக நின்று, குடிக்கக் குடிக்கக் கிளாஸ் ஓரத்தில் கோலம் போட்ட மாதிரி படிந்தால் நல்லது.

மூக்கில் பொறுமை வேண்டும். நீளமாக இழுக்காமல், நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி குட்டிக் குட்டியாக இழுங்கள். மூக்கு சலித்துப்போனால் உங்கள் சட்டைக் கையை முகர்ந்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

ரையை "மிளகு மாதிரி" என்று எல்லோரும் எழுதுவார்கள். நானும் மிளகு ரசத்தை மனதில் வைத்துக்கொண்டு தேடினேன், கிடைக்கவில்லை. காரம் இல்லை அது. கருகாமல் சுட்ட ரொட்டியின் ஓரம், கொஞ்சம் மண், முழுங்கின பிறகு நாக்கின் பின்பக்கம் ஒரு வறட்சி. கடைகளில் கிடைக்கும் அமெரிக்க ரை ரொட்டியைத் தின்று பழகினவர்களுக்கு இன்னொரு குழப்பம். அதில் பலர் 'ரை வாசனை' என்று நினைப்பது கேரவே விதையின் வாசனை. நம் சீரகத்தின் தூரத்துச் சொந்தம் அது. விதை போடாத ரை ரொட்டியை ஒரு துண்டு வாங்கி மென்று பாருங்கள், வித்தியாசம் உடனே புரியும்.

இரண்டு பொய் மிளகுகள் உண்டு. ஒன்று, கேஸ் நாக்கைக் குத்துவது. கொஞ்சம் பியரை வேறு கிளாஸில் ஊற்றி, கேஸ் போகும்வரை சுழற்றிவிட்டுச் சுவையுங்கள். மிளகும் காணாமல் போனால் அது ரை இல்லை, குமிழிதான். இன்னொன்று ஹாப்ஸ். சாட்ஸ் மாதிரி ஐரோப்பிய ஹாப்ஸுக்கே ஒரு மசாலா வாடை உண்டு. மூக்கில் முதலில் வந்து நின்றால் ஹாப்ஸ், முழுங்கின பிறகு வறட்சியாக வந்தால் ரை என்பது என் கணக்கு. எப்போதும் சரியாக வராது, ஆனால் பெரும்பாலும் வரும்.

கிராம்பு வாசனை வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். ரொகென்பியரில் அது அழகு, அந்த ஈஸ்ட்டின் வேலை. லாகர் ஈஸ்ட்டுக்குக் கிராம்பு வாசனையை உண்டாக்கத் தெரியாது. ஆகவே ரை லாகரில் கிராம்பு என்றால் அழையா விருந்தாளியாக வேறு ஈஸ்ட் எதுவோ உள்ளே புகுந்திருக்கிறது.

நான் விழுந்த குழி: வழவழப்பு

இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். ரையில் பீட்டா குளூக்கன் என்ற பசைப்பொருளும், அதோடு பென்டோசான் வகைப் பொருள்களும் நிறைய. காய்ச்சுபவர்களைக் கேளுங்கள், ரை போட்ட கூழ் ஒட்டிக்கொண்டு வடியவே வடியாது என்று அழுவார்கள். ஓட்ஸ் கஞ்சி ஆறினால் வருமே அந்தக் கொழகொழப்பு, அதில் நூறில் ஒரு பங்கு பியரிலும் தங்கும். நாக்கின் மேல் மெல்லிய பட்டுத் துணி இழுத்த மாதிரி ஓடும்.

வெண்ணெய் வாடைக்குக் காரணம் டயாசிட்டைல் என்ற பொருள். ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாகி, பிறகு ஈஸ்ட்டே திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டியது. அவசரப்பட்டுக் குளிரவைத்தால் மிச்சம் தங்கிவிடும். லாகரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவிலேயே பலருக்குத் தெரிந்துவிடும். அதுவும் வாயில் வழவழவென்றுதான் இருக்கும்! இரண்டும் நாக்கில் ஒரே மாதிரி. நான் நாக்கை மட்டும் நம்பித் தீர்ப்பு சொன்னேன், அதுதான் தப்பு.

முதலில் ரையின் வழவழப்பைத் தனியாகப் பழகுங்கள். ரை ஃபிளேக்ஸ் (அவல் மாதிரி தட்டையாக்கிய ரை) இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, 65, 70 டிகிரி வெந்நீர் ஒரு கப்பில் அரை மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். ஆறவைத்து ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுங்கள். வடிகஞ்சியை விட மெலிசு, ஆனால் வழுக்கும். இப்போது முகர்ந்து பாருங்கள். தானிய வாசனைதான், வெண்ணெய் துளியும் இல்லை. நான் சமையலறை மேடையில் நின்றுகொண்டு இதைச் செய்த அன்றுதான், என் 24 எவ்வளவு அநியாயம் என்று உறைத்தது.

அடுத்து வெண்ணெயைப் பழகுங்கள். எந்த வாசனையும் இல்லாத லைட் லாகர் ஒன்றில் கேக் கடையில் விற்கும் செயற்கை வெண்ணெய் எசென்ஸ் ஒரே ஒரு துளி. தியேட்டர் பாப்கார்ன், பட்டர்ஸ்காட்ச் மிட்டாய், இரண்டில் ஒன்று ஞாபகத்துக்கு வரும்.

இனி உண்மையான பரீட்சை. ரை லாகரை இரண்டு கிளாஸில் ஊற்றுங்கள். ஒன்று ஃபிரிட்ஜில். இன்னொன்றின் மேல் ஒரு தட்டை மூடி, வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் 20 டிகிரி வரும்வரை வையுங்கள். தட்டைத் திறந்த நொடியில் மூக்கை விடுங்கள். வெண்ணெய் இருந்தால் சூட்டில் எழும்பி நிற்கும். ரை மட்டும் என்றால் ரொட்டி வாசனை கூடும், வெண்ணெய் வராது. சந்தேகம் இருந்தால் பக்கத்து பில்ஸ்னரையும் இதே மாதிரி சூடாக்கி ஒப்பிடுங்கள்.

நீங்களே காய்ச்சுபவர் என்றால், குளிரவைக்கும் முன்பே மாதிரி எடுத்து 60, 70 டிகிரி நீரில் சுமார் 20 நிமிடம் மூடி வைத்து, ஆறவைத்து முகருங்கள். வாசனை தராத மூலப்பொருள் மிச்சம் இருந்தால் சூட்டில் வெண்ணெயாக மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி வந்தால் குளிர் அறைக்கு அனுப்பாமல் ஈஸ்ட்டுக்கு இன்னும் சில நாள் கொடுங்கள்.

மதிப்பெண்

நாங்கள் பயன்படுத்துவது பி.ஜே.சி.பி. (பியர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு) தாள். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. ரையின் வழவழப்பு அந்த 5க்குள் மட்டும்தான் வரவேண்டும். நான் அதைச் சுவையிலும் வாசனையிலும் மொத்தத்திலும் சேர்த்து நாலு இடத்தில் கழித்திருந்தேன். ஒரு குற்றத்துக்கு நாலு தண்டனை.

கூடவே ஒரு கேள்வி: இது முதலில் லாகராக இருக்கிறதா? சுத்தமாக, வறண்டு முடிகிறதா? வேகவைத்த மக்காச்சோளம், பச்சை ஆப்பிள், நனைந்த அட்டைப்பெட்டி, இந்த மூன்று வாடைகளும் ரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைதான்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

ஒருவர் எசென்ஸ் துளி விட்டும் எதுவும் தெரியவில்லை என்றார். சிலருக்கு டயாசிட்டைல் வாசனை பிறவியிலேயே சரியாக எட்டாது. எனக்கே அரைகுறைதான். என் மனைவி பியர் தொடுவதில்லை, ஆனால் கிளாஸை முகர்ந்து ஒரே நொடியில் "பாப்கார்ன்" என்பாள். இப்போதெல்லாம் கடைசித் தீர்ப்பு அவளிடம்தான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மூக்கைத் தேடிக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் இரண்டு கிளாஸிலும் பழைய அலமாரி வாடை என்றார். கிளாஸைக் கவிழ்த்து வைத்தால் அலமாரித் தாளின் நாற்றம் உள்ளே தங்கிவிடும். நிமிர்த்தி வையுங்கள், ஊற்றும் முன் குளிர்நீரில் அலசுங்கள்.

மூன்றாமவர் பில்ஸ்னரில்கூட மிளகு அடிக்கிறது என்று நீளமாக எழுதியிருந்தார். கேட்டுப் பார்த்தால், இரண்டு கிளாஸுக்கும் நடுவில் ஒரு தட்டு மிளகு சேவு.