முதல் லினக்ஸ் வழங்கலைத் தேர்ந்தெடுத்தல்: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் கணினி என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கி, சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் லெனேசியாவிலும் நம் வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகளில் பல இந்த நிபந்தனைகளை நிறைவு செய்வதில்லை. கணினியில் பழுது ஒன்றும் இல்லாதபோது அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான ராண்ட் செலவிட மனம் வராதவர்கள் லினக்ஸின் பக்கம் திரும்புகிறார்கள். திரும்பியதும், எந்த லினக்ஸ் என்ற கேள்வியில் நின்றுவிடுகிறார்கள்.

லினக்ஸ் என்பது 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கருநிரல் (கெர்னல்), அதாவது வன்பொருளையும் மென்பொருளையும் இணைத்து இயக்கும் மையப் பகுதி மட்டுமே. அந்தக் கருநிரலோடு, பட்டியல்களும் சாளரங்களுமாகத் திரையில் நாம் காணும் டெஸ்க்டாப் சூழல், உலாவி, அலுவலக மென்பொருள், நிறுவும் கருவி, புதுப்பிப்புகளை அனுப்பும் ஏற்பாடு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு குழுவோ நிறுவனமோ வெளியிடும் தொகுப்பையே வழங்கல் என்கிறோம். நூற்றுக்கணக்கான வழங்கல்கள் இருப்பது உண்மைதான் என்றாலும், புதிதாக வருகிறவர் அவற்றில் நான்கைந்தை மட்டும் கருதினால் போதும். பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு எது சிறந்தது என்று ஆராய்வதைவிட, தம் கணினி எப்படிப்பட்டது, அதில் நடக்கும் வேலை என்ன, மாதம் எவ்வளவு டேட்டா கிடைக்கிறது, சிக்கல் வந்தால் அருகில் யாரைக் கேட்கலாம் என்ற நான்கையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டால், தேர்வு பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

கணினியிலிருந்து தொடங்குவோம். விண்டோஸின் அமைப்புகளில் ‘சிஸ்டம்’ பகுதிக்குள் ‘அபவுட்’ என்ற பக்கத்தைத் திறந்தால், செயலியின் பெயர், நினைவகத்தின் அளவு, கணினி 64 பிட் வகையா என்ற விவரங்கள் கிடைக்கும். நினைவகம் 8 ஜிபி இருந்தால் எந்த வழங்கலும் வசதியாக ஓடும். 4 ஜிபி என்றால் இலேசான டெஸ்க்டாப் சூழல் உள்ள பதிப்பைத் தேட வேண்டும். 2 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் லினக்ஸ் ஓடினாலும், இன்றைய இணையப் பக்கங்கள் அந்த நினைவகத்தை மிக விரைவாக நிரப்பிவிடும் என்பதால், வழங்கலை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட நினைவகத்தைக் கூட்ட வழி உண்டா என்று பார்ப்பதே மேல். அதேபோல், சுழலும் வட்டு உள்ள பழைய கணினியில் அதை எடுத்துவிட்டு சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வட்டு ஒன்றைப் பொருத்தினால் உண்டாகும் வேகத்தை எந்த வழங்கலாலும் தர முடியாது. 32 பிட் கணினியை முதல் லினக்ஸ் அனுபவத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. உபுண்டு என்ற வழங்கல் அந்த வகைக்கான பதிப்புகளை எப்போதோ நிறுத்திவிட்டது. டெபியன் என்ற வழங்கலின் 2025-இல் வெளிவந்த 13-ஆம் பதிப்பும் அதற்கான நிறுவும் கோப்பைத் தருவதில்லை.

அடுத்தது வேலை. இங்கே ஒளிவுமறைவின்றிப் பேசிவிடுவது நல்லது, ஏனெனில் லினக்ஸை நிறுவிய பிறகு ஏமாற்றம் அடைகிறவர்களில் பலர் இதைத்தான் முன்கூட்டியே பார்த்திருக்க மாட்டார்கள். கடையோ சிறு தொழிலோ நடத்துகிறவர் கணக்கெழுதப் பேஸ்டல் மென்பொருளின் டெஸ்க்டாப் பதிப்பைப் பயன்படுத்தினால், அது விண்டோஸுக்கு மட்டுமே உரியது. அந்தக் கணினியில் விண்டோஸ் இருந்தாக வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் சிஏடி எனப்படும் கணினிப் பயன்பாட்டுப் பாடம் எடுத்திருக்கும் பிள்ளைக்கு மைக்ரோசாஃப்டின் வோர்டும் எக்செலும் ஆக்சஸும் தேவைப்படும். லிப்ரே ஆஃபிஸ் அன்றாடக் கடிதங்களுக்கும் கணக்குத் தாள்களுக்கும் போதுமானதே என்றாலும், ஆக்சஸ் கற்றுத் தேர்வெழுத வேண்டிய மாணவருக்கு அது மாற்றாகாது. மாறாக, வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், வாட்ஸ்அப்பின் இணையப் பதிப்பு, யூடியூப், ஜூம் கூட்டங்கள், வருமான வரிக்கான ஈஃபைலிங் ஆகியவை எல்லாம் உலாவியில் நடப்பவை. ஃபயர்ஃபாக்ஸோ குரோமோ இருந்தால் எந்த வழங்கலிலும் நடக்கும். வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் கணினியில் பெரும்பாலும் இவ்வளவுதான் நடக்கிறது என்பதால், அவர்களுடைய கணினியே லினக்ஸுக்கு மாற மிகவும் ஏற்றது.

இந்த இரண்டையும் பார்த்த பிறகு, பெரும்பாலோருக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். இது 2006 முதல் வந்துகொண்டிருக்கிறது. உபுண்டுவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பை அடித்தளமாகக் கொண்டு செய்யப்படுகிறது. ஆகவே 22 வரிசையில் உள்ள பதிப்புகளுக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். அதன் சினமன் டெஸ்க்டாப்பில் கீழே ஒரு பட்டையும் இடது மூலையில் பட்டியலும் வலது மூலையில் கடிகாரமும் இருப்பதால், விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. நினைவகம் 4 ஜிபி என்றால் அதே மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். தோற்றம் சற்றுப் பழையது, ஆனால் நினைவகத்தைக் குறைவாகவே கேட்கும். புதுப்பிப்புகளைக் காட்டும் கருவி எதையும் கேட்காமல் கணினியை மறுதொடக்கம் செய்வதில்லை என்பதும், கணினியின் முந்தைய நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட் தொடக்கத்திலிருந்தே உடன் வருகிறது என்பதும், உதவிக்கு ஆள் இல்லாத வீட்டில் பெரிய வசதிகள்.

உபுண்டுவைப் பற்றித் தென்னாப்பிரிக்காவில் தனியாகச் சொல்லியாக வேண்டும். வெல்கமில் பிறந்து கேப் டவுனில் படித்த மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய இந்த வழங்கலின் முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வெளிவந்தது. இணைய வேகம் குறைவாக இருந்த அந்தக் காலத்தில், கேட்டவர்களுக்கெல்லாம் குறுவட்டுகளை இலவசமாக அஞ்சலில் அனுப்பிவந்தார்கள். அந்த ஏற்பாடு 2011-இல் நிறுத்தப்பட்டது. நம் நாட்டவர் தொடங்கியது என்ற பெருமை ஒருபுறம் இருக்கட்டும், அதைத் தேர்ந்தெடுக்க அது காரணமாகக் கூடாது. உபுண்டுவைத் தேர்ந்தெடுப்பதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்தாண்டு ஆதரவு கிடைக்கிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசமாகப் பதிவு செய்துகொண்டால் அந்த ஆதரவு மேலும் நீள்கிறது. மென்பொருள் நிறுவனங்கள் லினக்ஸுக்கென்று எதையாவது வெளியிட்டால் பெரும்பாலும் உபுண்டுவில்தான் முதலில் சோதித்துப் பார்க்கின்றன. குறையும் உண்டு. அதன் ஃபயர்ஃபாக்ஸ் முதலிய சில மென்பொருள்கள் ஸ்னாப் என்ற வடிவில் வருகின்றன. பழைய கணினியில் அவை முதல்முறை திறக்கும்போது காத்திருக்க வைக்கும், பதிவிறக்க அளவும் கூடுதல். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிடும் வீட்டில் இது சிறிய விஷயம் அல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். விண்டோஸின் தோற்றத்தை இன்னும் நெருக்கமாக விரும்புகிறவர்களுக்கு ஜோரின் உண்டு. மிகப் புதிய மடிக்கணினியில் வைஃபையோ திரையோ மின்ட்டில் சரியாக வேலை செய்யவில்லை என்றால், புதிய கருநிரலை விரைவில் ஏற்றுக்கொள்ளும் ஃபெடோராவை முயலலாம். ஆனால் அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதமே ஆதரவு என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது பெரிய மேம்படுத்தல் செய்ய ஆயத்தமாக இருக்க வேண்டும். டெபியன் 1993 முதல் இருப்பது, அசையாத உறுதி கொண்டது. லினக்ஸ் தெரிந்த உறவினர் அருகில் இருந்தால் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். லுபுண்டு, சுபுண்டு போன்ற உபுண்டுவின் கிளைகள் இலேசானவை, ஆனால் அவற்றின் நீண்ட கால ஆதரவுப் பதிப்புகளுக்கு மூன்றாண்டு ஆதரவுதான். பலவற்றைக் கையாலேயே அமைக்க வேண்டிய ஆர்ச் முதல் வழங்கலாக இருக்க வேண்டியதில்லை. காளி லினக்ஸோ பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்களுக்கான தொழிற்கருவி; பதின்ம வயதுப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள், அன்றாடப் பயன்பாட்டுக்கு அது பொருந்தாது என்று விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

டேட்டாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மின்ட்டை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி, உபுண்டு 24.04-இன் கோப்பு அதைப் போல் இரண்டு மடங்கு. நிறுவிய முதல் நாளிலேயே சில நூறு எம்பி, சில வேளைகளில் ஒரு ஜிபிக்கு மேலும் புதுப்பிப்புகள் வரும். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் இதை எண்ணவே வேண்டாம். கைப்பேசி டேட்டாவை நம்பியிருப்பவர்கள், நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் செல்லுபடியாகும் மலிவான இரவு டேட்டாவில் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். அல்லது ஃபைபர் உள்ள உறவினர் வீட்டில் இறக்கி யூஎஸ்பியில் எடுத்து வரலாம். மின்ட்டிலும் உபுண்டுவிலும் மென்பொருள் மூலங்களுக்கான அமைப்பில் அதே கோப்புகளின் நகலை வைத்திருக்கும், தென்னாப்பிரிக்காவில் உள்ள மிரர் தளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பதிவிறக்கம் விரைவாகும், ஆனால் டேட்டா செலவு குறையாது. கோப்பு முழுமையாக வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணை, இறக்கிய கோப்புக்குக் கணக்கிட்டு, அதிகாரபூர்வத் தளத்தில் கொடுத்துள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கத்தால் வரும் விநோதமான பிழைகள் அதோடு தீரும்.

தேர்வை உறுதி செய்வது படிப்பதால் அல்ல, சோதிப்பதால். 8 ஜிபி யூஎஸ்பி ஒன்றை எடுத்து, விண்டோஸில் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் கொண்டு ஐஎஸ்ஓ கோப்பை அதில் எழுதுங்கள். யூஎஸ்பியில் முன்பு இருந்தவை எல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு மூன்று வழங்கல்களை ஒரே பெரிய யூஎஸ்பியில் வைத்துப் பார்க்க வென்டாய் என்ற கருவி உதவும். கணினியைத் தொடங்கும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி, யூஎஸ்பியிலிருந்து தொடங்கச் செய்தால், வட்டில் எதையும் மாற்றாமல் லினக்ஸ் திறக்கும். வேகம் குறைவாக இருப்பது யூஎஸ்பியினால்தான். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அந்த நிலையில் வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா, திரையின் வெளிச்சம் கூடிக் குறைகிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழித்துக்கொள்கிறதா, வீட்டு அச்சுப்பொறி பட்டியலில் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய மடிக்கணினிகளில் பிராட்காம் வைஃபை சில்லுகள் தனி இயக்கி (டிரைவர்) கேட்பதுண்டு. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால் அந்த இயக்கியை இறக்கிக்கொள்ள முடியும். எல்லாம் சரியாக நடக்கும் முதல் வழங்கலோடு நின்றுவிடுங்கள்.

தமிழையும் அதே அமர்வில் பார்த்துவிடலாம். ஒருங்குறியில் (யூனிகோடு) உள்ள தமிழ்ப் பக்கங்கள் இவ்வழங்கல்களில் பொதுவாகச் சரியாகவே தெரியும். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால், தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, பழைய தட்டச்சுப்பொறி முறை ஆகிய விசைப்பலகைகள் கிடைக்கும். டர்பனில் பிறந்து வளர்ந்த இளையவர்கள் ஆங்கில எழுத்துகளால் தமிழை அடிக்கவே விரும்புவார்கள் என்பதால் ஒலிபெயர்ப்பு முறை அவர்களுக்கு எளிது. புதிதாகக் கற்கும் சிறுவர்களுக்குத் தமிழ்99-ஐயே பழக்குவது நல்லது. கணினியின் மொழியை ஆங்கிலமாகவே வைத்துக்கொண்டு தமிழ்த் தட்டச்சை மட்டும் சேர்ப்பதை நான் பரிந்துரைக்கிறேன்; தமிழ் மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லாத இடங்களில் திரை இரு மொழியாகக் கலந்து தெரியும். கோயில் அறிவிப்புகளோ தமிழ் வகுப்புப் பாடங்களோ பாமினி போன்ற, ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் எடுத்து வந்து நிறுவிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும்.

நிறுவும் முன் படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டில் நகலெடுத்துவிடுங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், அதன் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நிறுத்தி, வட்டை மறையாக்கும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்து, விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியாலேயே இடத்தைச் சுருக்கி, குறைந்தது 50 ஜிபியை லினக்ஸுக்கு விடுங்கள். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் கணினி தொடங்க விடும் ‘செக்யூர் பூட்’ வசதியை அணைக்க வேண்டியதில்லை. மேலே முதன்மையாகச் சொன்ன வழங்கல்கள் அதோடு ஒத்துப்போகும். 2023-இல் இருந்த அளவுக்கு லோட் ஷெடிங் இப்போது இல்லை என்றாலும், வட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் விண்டோஸும் சேர்ந்து போகக்கூடும். ஆகவே மடிக்கணினியின் பேட்டரியை முழுதும் ஏற்றிக்கொண்டு, மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் அல்லது இன்வெர்ட்டரில் இணைத்துக்கொண்டு தொடங்குங்கள். எஸ்எஸ்டி உள்ள கணினியில் அரை மணி நேரத்துக்குள் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

முதல் நாளில் புதுப்பிப்புகளை நிறைவு செய்து, மின்ட்டாக இருந்தால் டைம்ஷிஃப்டை இயக்கி, என்விடியா அட்டை இருந்தால் இயக்கி மேலாளரில் காட்டும் இயக்கியை நிறுவிக்கொள்ளுங்கள். இணையத்தில் காணும் கட்டளைகளை, அவை எந்த வழங்கலுக்கு, எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டவை என்று பாராமல் அப்படியே ஒட்ட வேண்டாம். இரண்டு மூன்று மாதங்களுக்கு வேறு வழங்கலின் பக்கம் போகாமல் இருங்கள். அதற்குப் பிறகும் விண்டோஸைத் திறக்கத் தேவையே வரவில்லை என்றால், அதிலுள்ள கோப்புகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் லினக்ஸுக்குக் கொடுக்கலாம். பேஸ்டலுக்காகவோ பிள்ளையின் பாடத்துக்காகவோ மாதம் ஒருமுறையேனும் திறக்க நேர்ந்தால், இரண்டும் அப்படியே இருக்கட்டும்.