இத்தாலிய ஒயின் லேபிளில் 'டி' எங்கே இருக்கிறது?

இத்தாலிய ஒயின் என்றாலே கியாந்தி, பரோலோ என்று இரண்டு பேரோடு நின்றுவிடுகிறோம். மற்ற ஊர்களைப் பழக ஒரு சின்ன வழி: லேபிளில் 'டி', 'டெல்' (இரண்டுக்கும் 'உடைய' என்று பொருள்) எங்கே வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அதற்கு முன்னால் திராட்சை, பின்னால் இடம்.

'அலியானிகோ டெல் வுல்தூரே'யில் அலியானிகோ திராட்சை. வுல்தூரே, தெற்கே பசிலிகாட்டாவில் உள்ள அணைந்துபோன எரிமலை. கறுத்த சிவப்பு, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. இளசாகத் திறந்தால் கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரிதான். ஒரு மணி நேரம் முன்பே வாயகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றி வையுங்கள். ஆட்டுக்கறிக்கு அருமை.

ஒரு குழப்பம் உண்டு. 'மோன்டெபுல்சியானோ டாப்ருட்சோ'வில் முதல் சொல் திராட்சை; 'டி'யும் அப்ருட்சோ என்ற இடமும் சேர்ந்ததுதான் 'டாப்ருட்சோ'. 'வினோ நோபிலே டி மோன்டெபுல்சியானோ'வில் அதே சொல் டஸ்கனியில் ஓர் ஊர். பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சாஞ்சோவேசே என்ற வேறு திராட்சை. நானே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் மனப்பாடம்தான். எட்னா சிவப்பு என்றால் முக்கியமாக நெரெல்லோ மஸ்காலேசே திராட்சை, வெளிறிய நிறம். வால்டெல்லினா சிவப்பு என்றால் நெபியோலோ: பரோலோவின் அதே திராட்சை, ஆல்ப்ஸ் சரிவில் கற்சுவர் கட்டிய படித் தோட்டங்களில் விளைவது. பரோலோ விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள் இங்கே தொடங்கலாம்.