கடலோர வீட்டு கேட்டுக்கு ஸ்மார்ட் மோட்டார் தேவையா? முடிவெடுக்கும் முறை

கேட்டையும் ஷட்டரையும் போனில் திறப்பது என்றால் அதில் இரண்டு தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று, கேட்டை இழுக்கும் மோட்டார். மற்றொன்று, அந்த மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கும் வைஃபை ரிலே. ரிலேயின் செலவு சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பணத்தில் பெரும்பகுதி மோட்டாருக்கும் இரும்பு வேலைக்கும் போகும். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் முதலில் கெடுவதும் அந்த இரும்புதான். அதனால் ஆப்பில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்ப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, முதலில் கேட்டைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: யாருக்காக இது? பகலெல்லாம் வீட்டில் ஆள் இருந்து, வண்டி ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் வெளியே போய் வருகிறது என்றால் சாதாரண ரிமோட்டே போதும், பல வீடுகளுக்கு அதுவும் வேண்டாம். பிள்ளைகள் வளைகுடா நாட்டில், வீட்டில் வயதான பெற்றோர் மட்டும். நள்ளிரவு ரயிலில் வந்திறங்கும் யாத்ரீகர்களுக்கு அறை கொடுக்கும் ராமேஸ்வரம் வீடு. விடியுமுன் ஐஸ் வண்டி வந்து நிற்கும் மீன் கம்பெனி. இப்படிப்பட்ட இடங்களில்தான் தூரத்திலிருந்து திறப்பதற்கு உண்மையான பயன் இருக்கிறது. உங்களுடையது இந்த வகையா என்று முடிவு செய்துவிட்டு மேலே படியுங்கள்.

கையால் இழுத்துப் பார்ப்பது

ஸ்லைடிங் கேட்டாக இருந்தால் மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றை வாங்கி வாருங்கள். கொக்கியைக் கேட்டில் மாட்டி, தராசைப் பிடித்து மெதுவாக இழுங்கள். 400 கிலோ கேட்டு நல்ல சக்கரத்தில் ஓடினால் தராசு 8 முதல் 12 கிலோ வரை காட்டும். 20 கிலோவைத் தாண்டினால் மோட்டார் பேச்சை ஒத்திவைத்துவிட்டு சக்கரத்தின் பேரிங்கையும் டிராக்கையும் சரி செய்யுங்கள். முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் எடை ஏறினால் அங்கே டிராக் வளைந்திருக்கிறது, இல்லையென்றால் மணல் அடைத்திருக்கிறது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடலைப் பார்த்த வீடுகளில் டிராக் மணல் தினமும் பெருக்க வேண்டிய விஷயம். கையால் இழுக்கும்போது நாம் சற்றுக் கூடுதலாகத் தள்ளிச் சமாளித்துவிடுகிறோம். மோட்டார் அதைத் தடை என்று எடுத்துக்கொண்டு பாதியில் நிற்கும். நிறுவ வந்தவர் விசை அளவைக் கூட்டி வைத்துவிட்டுப் போனால் ஓடும். ஆனால் பிறகு குழந்தையின் கை குறுக்கே வந்தாலும் நிற்காது.

ஸ்பிரிங் உள்ள ரோலிங் ஷட்டரை இடுப்பு உயரம் தூக்கிவிட்டுக் கையை எடுங்கள். அப்படியே நிற்க வேண்டும். சரிந்து இறங்கினால் மேலே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது துருப்பிடித்திருக்கிறது. முறுக்கேறிய ஸ்பிரிங்கை நீங்களாகக் கழற்ற வேண்டாம், ஷட்டர் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

மோட்டார் அளவு எடையைப் பொறுத்தது. 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 10 அடிக்கு 8 அடி ஷட்டர் 7.4 சதுர மீட்டர் வரும். 0.9 மில்லிமீட்டர் தகட்டைத் தட்டையாகக் கணக்கிட்டால் 52 கிலோ. பட்டிகள் வளைத்துக் கோத்திருப்பதால் மூன்றில் ஒரு பங்கு கூட்டி, அடிப்பட்டையையும் சேர்த்தால் 80 கிலோவைத் தொடும். புதிதில் இருந்த உராய்வு இரண்டு வருடம் கழித்து இருக்காது, துரு ஏறியிருக்கும். அதனால் கணக்கில் வந்த எடையைப்போல் இரு மடங்கு தூக்கும் மோட்டாரை எடுங்கள். ஸ்லைடிங் கேட்டுக்கு ஒன்றரை மடங்கு போதும்.

காற்று

இந்தக் கடற்கரையில் பலர் மறந்துவிடும் எடை இது. 12 அடி நீளம், 6 அடி உயரம், முழுக்கத் தகடு அடித்த கேட்டின் மேல் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால், சுமார் 110 கிலோ எடை சாய்ந்து அழுத்துவதற்குச் சமம். ஸ்லைடிங் கேட்டில் அந்த அழுத்தம் மேலே இருக்கும் கைடு ரோலரில் விழுந்து உராய்வைக் கூட்டும். இரண்டு பக்கமாகத் திறக்கும் கேட்டில் கதவைத் தள்ளும் மோட்டார் கையிலேயே நேராக விழும், கியர் உடையும். ஆகவே கடலிலிருந்து வீடு வரை மறைப்பு எதுவும் இல்லாத இடத்தில், தகடு அடித்த இரட்டைக் கதவு கேட்டுக்கு மோட்டார் போடாதீர்கள். தகட்டைக் கழற்றி கிரில்லாக மாற்ற முடிந்தால் பார்க்கலாம். ராமநாதபுரம் நகரம், பரமக்குடி போல உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை ஒரு பகல் முழுக்க நீளும். புயல் நாட்களைச் சொல்லவே வேண்டாம். ஸ்லைடிங் கேட்டுக்கு 24 வோல்ட் டிசி மோட்டாரை, உள்ளே பேட்டரி வைக்கும் இடத்தோடு வாங்குவதே இங்கே நல்லது. 230 வோல்ட் ஏசி மோட்டாரை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்பார்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். விளக்குக்கும் ஃபேனுக்கும் போட்ட இன்வெர்ட்டர் அதில் கட் ஆகிவிடும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வீட்டுக் கராஜ் மோட்டாருக்கு 2019 ஜூலை முதல் பேட்டரியைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். காட்டுத்தீ வந்து மின்சாரம் நின்றபோது வண்டியை எடுக்க முடியாமல் போனதுதான் காரணம். இங்கே புயலுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

வீட்டுக்கு ஷட்டர் ஒன்றுதான் வழி என்றால், வெளியிலிருந்து சாவி போட்டு மோட்டாரை விடுவிக்கும் ஏற்பாடு இல்லாமல் வாங்கவே கூடாது. அந்தச் சாவித் துளையில் மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். உப்பில் இறுகிப்போன பூட்டு அவசரத்துக்கு உதவாது.

உப்பு

பெட்டியில் ஐபி 65 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் தூசியையும் தண்ணீரையும் மட்டும் சொல்கிறது, உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உப்புநீரைத் தெளித்துப் பார்க்கும் சோதனையை எத்தனை மணி நேரம் செய்தார்கள் என்றும், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு உண்டா என்றும் தனியாகக் கேளுங்கள். வயர்கள் பெட்டிக்கு அடியிலிருந்துதான் நுழைய வேண்டும். துளைகளை, வயரை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் கிளாண்டும் சிலிகானும் வைத்து அடையுங்கள். எறும்பும் பல்லியும் வெதுவெதுப்பான போர்டைத் தேடி வரும். பல்லி குறுக்கே விழுந்து ஷார்ட் ஆன போர்டுக்கு வாரண்டி கிடைக்காது.

நட்டு போல்ட்டுக்கு எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) 304 இங்கே போதாது, 316 வாங்குங்கள். ஜிங்க் பூசிய பட்டையில் எஸ்எஸ் போல்ட் நேராக உட்கார்ந்தால் ஜிங்க் சீக்கிரம் அரித்துப்போகும். நடுவில் நைலான் வாஷர் வையுங்கள். ஷட்டர் சங்கிலிக்கு கிரீஸ் தேவை. ஸ்லைடிங் கேட்டின் பல் ரேக்குக்கு (மோட்டாரின் பல்சக்கரம் கடித்து இழுக்கும் பட்டை) கிரீஸ் தடவாதீர்கள், மணல் ஒட்டி அரைத்துவிடும். பல்சக்கரத்துக்கும் ரேக்குக்கும் இடையே 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டின் எடை மோட்டார் தண்டில் ஏறும்.

கழுவுவது முக்கியம், எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பது அதைவிட முக்கியம். போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊரில் அதைக் கேட்டின்மேல் அடித்தால் உப்பைக் கூட்டுகிறோம். ஒரு வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரேக்கையும் கீல்களையும் துடைத்தால் போதும்.

மோட்டாரின் அடிப்பீடம் தரையிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரட்டும், தண்ணீர் தேங்கும் தெருவில் 30. 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நினைவில் வைத்து உயரத்தை முடிவு செய்யுங்கள்.

ரிலேயும் ஆப்பும்

மேலே சொன்னதெல்லாம் சரி என்றால்தான் ஸ்மார்ட் பகுதிக்கு வர வேண்டும். ரிமோட்டில் ஓடும் நல்ல மோட்டார் ஏற்கெனவே இருந்தால் அதை மாற்றத் தேவையில்லை. போர்டில் புஷ் பட்டனுக்கான இரண்டு முனைகள் இருக்கும். அதில் டிரை காண்டாக்ட் வகை ரிலேயை, அதாவது தன் கரண்டை வெளியே அனுப்பாமல் பட்டனைப்போல் இரண்டு முனைகளையும் சேர்த்து மட்டும் விடும் ரிலேயை, இணைத்தால் வேலை முடிந்தது. 230 வோல்ட்டை அப்படியே வெளியே அனுப்பும் சாதாரண ஸ்விட்ச் ரிலேயை அந்த முனையில் கொடுத்தால் போர்டு எரிந்துவிடும்.

இரண்டு அமைப்புகளை அவசியம் மாற்றுங்கள். முதலாவது இன்ச்சிங்: ரிலே 0.5 முதல் 1 நொடி மட்டும் அழுத்தி விட வேண்டும். இரண்டாவது, கரண்ட் திரும்பி வரும்போது ரிலே 'ஆஃப்' நிலையில் இருக்க வேண்டும். இதை 'ஆன்' என்று விட்டுவிட்டால், நள்ளிரவில் போன கரண்ட் வந்ததும் கேட் தானாகத் திறக்கும். நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த ரிலேக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே வேலை செய்யும். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று போனில் சிக்னல் அளவைப் பாருங்கள்: மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) அல்லது அதைவிட நல்லதாக இருந்தால் சரி, மைனஸ் 75-க்குக் கீழே போனால் இடையிடையே அறுந்துபோகும். ஷட்டரை மூடி வைத்து அளக்க வேண்டும், இரும்பு சிக்னலை மறைக்கும். ரௌட்டரையும் இன்வெர்ட்டரில் சேருங்கள். கம்பெனியின் சர்வர் மூலமாக மட்டும் ஓடும் ஆப்பை நம்ப வேண்டாம். 2023 நவம்பரில் அமெரிக்காவின் சேம்பர்லேன் நிறுவனம் தன் மைக்யூ சேவைக்குள் வெளி மென்பொருள்கள் நுழைவதைத் தடுத்தபோது, அதை நம்பி வீட்டு அமைப்பைக் கட்டியவர்களுக்கு வழி அடைபட்டது. இணையம் இல்லாதபோதும் வீட்டு வைஃபைக்குள் ஓடுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய ரிமோட் எப்போதும் கையில் இருக்கட்டும். அது ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கோடை மாற்றும் ரோலிங் கோடு வகையா என்றும் பாருங்கள், ஒரே கோடை அனுப்பும் ரிமோட்டை எளிதாக நகலெடுக்கலாம்.

இதில் மிகவும் கவனிக்க வேண்டியது மூடுவது. தூரத்திலிருந்து திறப்பதில் ஆபத்து குறைவு. தூரத்திலிருந்து மூடும்போது கேட்டுக்கு அடியில் ஆடு படுத்திருக்கலாம், குழந்தை நிற்கலாம். நம் ஊரில் விற்கும் பல ஷட்டர் மோட்டார்கள் தடை வந்தால் திரும்பி மேலே போகாது. அப்படிப்பட்ட மோட்டாரில் ரிலேயை 'மேலே', 'நிறுத்து' இரண்டுக்கு மட்டும் இணையுங்கள், 'கீழே' வேண்டாம். மூடுவதும் வேண்டுமென்றால் குறுக்கே ஏதாவது வந்தால் ஒளிக்கதிர் மறைவதை வைத்து உணரும் போட்டோசெல், கேட் மூடியதைச் சொல்லும் காந்த சென்சார், கேட்டைப் பார்க்கும் கேமரா மூன்றும் அவசியம். போட்டோசெல்லைத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். அமெரிக்காவில் 1993 முதல் வீட்டுக் கராஜ் மோட்டாருக்கு இருக்கும் விதி இது. அதன் கண்ணாடியில் உப்புப் படிந்தால் கேட் மூட மறுக்கும். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.

மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன்

வேலை செய்தவர் முன்னாலேயே மூன்று சோதனைகள் செய்யுங்கள். 38 மில்லிமீட்டர் தடிப்புள்ள மரத்துண்டைத் தரையில் படுக்க வைத்து ஷட்டரை மூடுங்கள், தொட்டதும் திரும்பி மேலே போக வேண்டும். ஸ்லைடிங் கேட்டுக்கு அதே துண்டைப் பாதையில் நிறுத்திப் பிடியுங்கள். பிறகு மூடிக்கொண்டிருக்கும்போது போட்டோசெல்லுக்குக் குறுக்கே குச்சியை நீட்டுங்கள். கடைசியாக மெயினை அணைத்து, பேட்டரி இருந்தால் அதில் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, மெயினைத் திரும்பப் போடுங்கள். அப்போது கேட் ஓர் அங்குலம்கூட அசையக் கூடாது. தடை வந்தால் திரும்பும் வசதியே இல்லாத ஷட்டரில் முதல் சோதனை தோற்கத்தான் செய்யும். அங்கே 'கீழே' முனையில் ரிலேயின் வயர் இல்லை என்பதைப் பெட்டியைத் திறக்கச் சொல்லி நீங்களே பார்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள்.