‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’: வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு பயிற்சி முகாமில் பேசப் போயிருந்தேன். வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படத் தயாராக இருந்தவர்கள் பதினாலு பேர். இடைவேளையில் ஒரு தம்பி காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அண்ணா, மொழி கத்துக்கிற வரைக்கும் சும்மா இருக்கணுமா? மொழிபெயர்க்க ஆள் கிடைப்பாங்க. மீதியை ஆண்டவர் பார்த்துப்பார்.”

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னது கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை இதுதான். அதனால் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஊழியம் செய்தது கம்போடியாவில். அங்கே பிள்ளைகளின் தலையைத் தொடாதே, பெரியவர்கள் பக்கம் காலை நீட்டாதே என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மொழியைத் தள்ளிப் போடுவது

என்னை அனுப்பிய சபையின் மூப்பர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். முதல் இரண்டு வருஷம் தலைநகர் புனோம் பென்னில் அந்நாட்டுக் கெமர் மொழி படிக்க வேண்டும், பிரசங்கம் கூடாது. சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். ஐந்தாவது மாதம் வகுப்பை விட்டுவிட்டுக் கம்பொங் தோம் பக்கம் ஒரு கிராமத்தில் போய் உட்கார்ந்தேன். கூட்டம் நடத்த அங்கே ஒரு வீட்டில் இடம் கொடுத்தார்கள். திறந்த வாசலை விடலாமா? திக்குவாய் மோசேயிடம் ‘உன் வாயோடே இருப்பேன்’ என்றவர் என்னோடும் இருக்க மாட்டாரா? ஜெபக் கடிதத்தில் ‘விசுவாசத்தில் அடியெடுத்து வைத்தோம்’ என்று எழுதினேன். ஆமென் ஆமென் என்று பதில்கள் வந்தன, காணிக்கையும் கொஞ்சம் கூடியது. மோசேக்குப் பதிலாகப் பேச அண்ணன் ஆரோனைத் துணையாகக் கொடுத்தது கர்த்தருக்குக் கோபம் மூண்ட பிறகுதான் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

என் ஆரோன், அதாவது மொழிபெயர்ப்பாளன், இருபத்திரண்டு வயதுப் பையன். டியூஷனில் படித்த ஆங்கிலம், ஆறு மாத விசுவாசம். நான் திருநெல்வேலி ஆங்கிலத்தில் பிரசங்கிப்பேன், அவன் கெமரில் சொல்வான். ஜனங்கள் நன்றாகத் தலையாட்டினார்கள்.

தமிழ்க் காதுக்குக் கெமர் ஒரு பொறி. எழுத்தே பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. சமஸ்கிருதமும் பாலியும் கலந்த சொற்கள் வேறு. பாவத்துக்கு ‘பாப்’, புண்ணியத்துக்கு ‘போன்’. அட, நம்ம சொல்தானே என்று தோன்றும். அதற்குப் பின்னால் பல நூற்றாண்டு பௌத்தம் இருப்பது கண்ணில் படாது.

செப்டம்பரில் ப்சும் பென் பண்டிகை வந்தது. ஏழு தலைமுறை முன்னோர்கள் பசியோடு அலைவதாக நம்பும் பதினைந்து நாட்கள். விடியும் முன்னே புத்தக் கோயிலைச் சுற்றி ஒட்டரிசி உருண்டைகளை எறிவார்கள். அந்த ‘பென்’ நம்முடைய பிண்டம்தான். அந்த ஞாயிறு, வாராவாரம் தவறாமல் வரும் ஒரு யேய், அதாவது பாட்டி, தட்டோடு வந்தார். சோறு, இரண்டு வாழைப்பழம், நாலாக மடித்த ஐந்நூறு ரியல் தாள்கள். எனக்கு முன்னால் முழங்காலிட்டு, தட்டைத் தலைக்கு மேல் தூக்கி, கீழே வைத்தார். முதல் காணிக்கை என்று எனக்குள் ஒரே சந்தோஷம். யேய் ஏதோ கேட்டார். பையன் தயங்கினான்.

“போங் (அண்ணா), இதில் வரும் போன் அவர் புருஷனுக்குப் போய்ச் சேருமா என்று கேட்கிறார். பதினோரு மாதம் தவறாமல் வந்ததையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொல்கிறார்.”

புருஷன், 1970-களில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற போல் பாட் ஆட்சியில் கொண்டுபோகப்பட்டவர். கல்லறைகூடக் கிடையாது.

அன்று ராத்திரி பையனிடம் கேட்டேன்: நான் கிருபை என்று சொல்லும்போதெல்லாம் நீ என்ன சொல்வாய்? “போன்” என்றான். “சும்மா கிடைக்கிற நல்லதுதானே?” கெமர் வேதாகமத்தில் கிருபைக்கு ‘ப்ரெஹ் குன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அவனுக்கு அது பழக்கமில்லை, நானும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. ஆக, பதினோரு மாதமாக நான் புண்ணியம் பிரசங்கித்திருக்கிறேன். வந்தால் புண்ணியம், கேட்டால் புண்ணியம். ஜனங்கள் ஒன்றையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அவர்களுக்கு நான் பேன்ட் போட்ட ஒரு பிக்கு, அவ்வளவுதான்.

பையன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இன்றைக்கும் எரிச்சல் வருவது வகுப்பை விட்டுப் போனதற்கு நான் சூட்டிய பெயரால். காலை எட்டு மணி வகுப்புதான் எனக்குக் கொடுத்திருந்த கீழ்ப்படிதல். அதில் சாட்சி சொல்ல ஒன்றும் இல்லை, ஜெபக் கடிதத்தில் எழுதவும் ஒன்றும் இல்லை. அந்தக் கிராமத்தை இரண்டு வருஷம் ஆண்டவர் கையில் விட்டுவைக்க எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த நம்பிக்கையின்மையைத்தான் விசுவாசம் என்று எழுதி அனுப்பினேன்.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் படித்ததையும், 1813-இல் பர்மாவின் ரங்கூன் போன அமெரிக்க மிஷனரி ஜட்சன் முதல் ஞானஸ்நானத்துக்கு 1819 வரை காத்திருந்ததையும் முகாம்களில் உருக்கமாகச் சொன்னவன் நான்.

திரும்பப் புனோம் பென் போய், முப்பத்து மூன்று மெய்யெழுத்தில் இருந்து ஆரம்பித்தேன். ஒரே உயிர்க்குறி, சேரும் மெய்யைப் பார்த்து ஒலி மாறும். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே இடைவெளி கிடையாது. இருபது மாதம் ஆயிற்று. அதற்குள் கூட்டம் பாதி கலைந்துவிட்டது. யேயைத் தேடிப் போய், என் வாயாலேயே கெமரில், கிருபை என்றால் என்ன என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “முன்னே சொன்னதே நன்றாக இருந்தது” என்றார். அதில் புருஷனுக்கு அனுப்ப ஏதாவது மிஞ்சியது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது: மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் முடியாத இடம் வரும். அப்போது முதலில் பத்துச் சொற்களை எழுதிக்கொண்டு அவரோடு உட்காருங்கள். பாவம், கிருபை, பலி, மன்னிப்பு, இப்படி. அவருக்கு அந்தச் சொல் என்ன பொருள் தருகிறது என்று கேட்காதீர்கள். அவருடைய பாட்டிக்கு என்ன பொருள் தரும் என்று கேளுங்கள்.

விசா

விண்ணப்பத்தில் பொய் எழுதிவிட்டு அது கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லாதீர்கள்.

காய்ச்சல்

ஜெபியுங்கள், ரத்தமும் சோதியுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்து. ‘சுகம் கிடைத்துவிட்டது’ என்று சாட்சி சொல்வதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

நிலம்

வெளிநாட்டவர் கம்போடியாவில் நிலம் வாங்கச் சட்டம் இடம் தராது. உள்ளூர் விசுவாசி பெயரிலா? வேண்டாம்.

அனாதை இல்லம்

போய்ச் சேர்ந்த ஆறாம் மாதமே ஆரம்பித்துவிடுகிறார்கள். கம்போடிய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். இல்லம் கட்டும் பணத்தில் ஒரு பங்கு இருந்தால் அந்தப் பிள்ளை வீட்டிலேயே வளர்ந்துவிடும். ஆனால் வீட்டில் வளரும் பிள்ளையின் படத்துக்குக் காணிக்கை வராது. வேறென்ன சொல்ல.

‘போ’ மட்டும்தான் கட்டளை என்று நினைப்பது

அப்போஸ்தலர் 16-ஐப் படியுங்கள். ஆசியாவில் வசனம் சொல்லப் பவுலுக்குத் தடை, பித்தினியாவுக்கும் தடை. தடுத்தவர் ஆவியானவர். மக்கெதோனியா தரிசனம் அதற்குப் பிறகு வருகிறது.

பிற்பாடு எனக்கும் ஒரு தடை வந்தது. வடகிழக்கே மலைநாடான ரத்தனகிரிக்குப் போக மனசெல்லாம் துடித்தது. மூப்பர்கள் வேண்டாம் என்றார்கள். இந்த முறை கீழ்ப்படிந்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். “அப்புறம் என்ன நடந்தது?” என்று முகாமில் ஆவலோடு கேட்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து வேறொரு குடும்பம் அங்கே போனது. செய்தி வந்த அன்று நான் கம்பொங் தோமில் மோட்டார் பைக்குக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.