தேக்கு வட்டில் மழைக் கணக்கு: நாலு வளையம் கூடுதலாக எண்ணிய கதை

2023 பிப்ரவரியில், போடி பக்கம் பெரியப்பா தோட்டத்தில் நிலை, கதவுக்காக இரண்டு தேக்கு மரங்களை வெட்டினார்கள். அடிமரத்தில் ஒரு அங்குலக் கனத்துக்கு மரத்துக்கொரு வட்டு வேண்டும் என்று கேட்டேன். அறுக்க வந்த அண்ணனுக்கு மனசே இல்லை. "நிலைக்குப் போற இடத்துல கைவைக்கச் சொல்றீங்களே தம்பி!" பெரியப்பா சொன்ன பிறகுதான் அறுத்துக் கொடுத்தார்.

இரண்டு மரமும் என் அக்கா பிறந்த 1989 மழைக்காலத்தில் நட்டவை. 2022 வரை ஆண்டுக்கு ஒரு வளையம் என்றால் 34 இருக்க வேண்டும். முதல் வட்டில் நான் எண்ணியது 38. "அப்போ உங்க அக்காவுக்கு நாலு வயசு கூடிப்போச்சா? அவகிட்டயே சொல்லிப் பாரு" என்று பெரியப்பா சிரித்தார். அந்த நாலு வளையம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஏன் தேக்கு?

கோடையில் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் மரம் இது. பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம் என்ற மெல்லிய உயிரணு அடுக்கு அப்போது தூங்கிவிடும். மழை வந்து துளிர்க்கும்போது, அவசரமாக நீர் ஏற்ற வேண்டுமே, அதனால் முதலில் பெரிய பெரிய குழாய்களை உருவாக்கும். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் அளவு இருக்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். அவற்றை ஒட்டி மென்மையான வெளிர்நிறக் கோடு ஒன்று ஓடும். பருவம் போகப் போகக் குழாய்கள் சிறுத்து, மரம் கெட்டியாகும். அடுத்த ஆண்டு மறுபடி பெரிய குழாய். இந்தத் திடீர் மாற்றம்தான் ஆண்டு எல்லை. நல்ல மழை பெய்தால் வளையம் அகலம், பொய்த்தால் குறுகல்.

இது வெறும் கதையில்லை. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் கேரளத் தேக்குகளைக் கொண்டு 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளுக்கு வளையத் தொடர் கட்டி, எல் நினோவோடு (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) சேர்ந்த வறட்சிகளை அதில் பார்த்திருக்கிறார்கள். ஜாவா தேக்கில் பெர்லாகே என்பவர் 1931-லேயே 1514 வரை பின்னோக்கிப் போய்விட்டார்.

எந்த மரம் என்பது முக்கியம். தாகம் எடுத்த மரம்தான் மழையைப் பற்றிச் சொல்லும். மேட்டில், பாசனம் இல்லாமல் நின்ற மரமாகப் பாருங்கள். முன்பு ஒருமுறை வாய்க்கால் கரைத் தேக்கில் முயன்றேன். வளையம் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அகலம். வருஷா வருஷம் காலடியில் தண்ணீர் ஓடினால் அதற்கு வானம் பொய்த்தது எப்படித் தெரியும்? சாய்ந்து வளர்ந்த மரமும் வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் தடித்திருக்கும்.

வட்டைத் தயார் செய்வது

நிழலில் ஒரு மாதம் காய விடுங்கள். நான் மொட்டை மாடி வெயிலில் வைத்து, நடுவிலிருந்து பட்டை வரை வெடித்துப்போனது. பிறகு உப்புத்தாள்: 80, 120, 220, 400, 600 என்று வரிசையாக. இடையில் ஒன்றைத் தாண்டினால் பழைய கீறல் போகாது. முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் தும்மலும் தரும். முழு வட்டையும் தேய்க்கத் தேவையில்லை. நடுவிலிருந்து பட்டை வரை இரண்டு திசைகளில் இரண்டு விரல் அகலக் கீற்று போதும். வார்னிஷ் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

தேய்த்த தூள் குழாய்களை அடைத்திருக்கும். பழைய பல்துலக்கியால் தட்டி எடுத்துவிட்டு, பள்ளிக்கூட வெள்ளைச் சாக்பீஸைப் பரப்பில் தேய்த்துத் துணியால் துடையுங்கள். பெரிய குழாய்களுக்குள் மட்டும் வெள்ளை தங்கி, புள்ளிக்கோலம் வைத்த மாதிரி வரிசை வரிசையாகத் தெரியும். முதல் முறை பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பொய் வளையம்

நான் ஏமாந்த இடம் இதுதான். எங்கள் பக்கம் ஜூனில் கொஞ்சம் தூறும், அப்புறம் காயும், ஐப்பசியில்தான் சரியான மழை. நடுவில் காய்ந்தபோது மரம் "சரி, கோடை வந்தாச்சு" என்று பாதிக் கடையை மூடிவிட்டு, மழை வந்ததும் மறுபடி திறந்திருக்க வேண்டும். அப்போது விழும் கோடு, எல்லைக் கோடு போலவே இருக்கும். அவசரத்தில் அதையும் எண்ணிவிடுவோம்.

நகைக்கடை லென்ஸ், பத்து மடங்கு, வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். உண்மையான எல்லையில் கெட்டி மரம் சட்டென்று முடிந்து, அடுத்ததாகப் பெருங்குழாய் வரிசை நிற்கும். பொய்க் கோட்டில் நிறம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், பெருங்குழாய் வரிசை இருக்காது. இன்னொரு சோதனை: சந்தேகப்பட்ட கோட்டின் மேல் பென்சிலை வைத்து வட்டைச் சுற்றி வாருங்கள். பொய் வளையம் பல சமயம் பாதியிலேயே மறைந்துவிடும். முழு வட்டு வேண்டும் என்று அடம்பிடித்தது இதற்காகத்தான். சின்னக் கட்டையில் சுற்றிப் பார்க்க வழியில்லை.

இவ்வளவு பார்த்தும் எனக்கு 36-க்குக் கீழே இறங்கவில்லை.

இரண்டாவது வட்டுதான் தீர்ப்பு சொல்லியது

இரண்டு மரத்தின் குறுகல் வளையங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, அரிசோனாவில் ஏ.ஈ. டக்ளஸ் என்ற வானியலாளர் உருவாக்கிய வழி. சூரியப் புள்ளிச் சுழற்சியைத் தேடிப் போன மனிதர், மர வளையத்துக்கு ஒரு துறையையே தொடங்கிவிட்டார். கிராஃப் தாளை நீளமாக வெட்டுங்கள். ஒரு கட்டம் ஓர் ஆண்டு. பட்டையிலிருந்து உள்நோக்கிப் போங்கள். அக்கம்பக்க வளையங்களைவிடக் குறுகலானதற்கு மட்டும் கோடு போடுங்கள், எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரமான கோடு. சாதாரண வளையத்துக்கு ஒன்றும் வேண்டாம். அகலத்தை மில்லிமீட்டரில் ஒப்பிடாதீர்கள், இளமையில் மரம் எப்போதும் வேகமாகப் பெருக்கும். பக்கத்து வளையத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டு மரத்துக்கும் தனித்தனிச் சீட்டு போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். பட்டையிலிருந்து ஏழாவது வளையம் இரண்டிலும் மெல்லிசு. 2022 முதலாவது என்றால் ஏழாவது 2016. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்த ஆண்டு. அடுத்த வளையமும் நோஞ்சானாகத்தான் இருந்தது. துளிர்க்கும்போது மரம் முந்தைய ஆண்டின் சேமிப்பையும் எடுத்துச் செலவழிக்கும், 2016-இல் சேமிக்க என்ன இருந்திருக்கும்?

அடுத்த பெரிய கோடு இரண்டாவது வட்டில் 21-ஆவது, அதாவது வறட்சி ஆண்டான 2002. முதல் வட்டிலோ அதே கோடு 23-ஆவது இடத்தில் நின்றது. ஆக, இரண்டுக்கும் நடுவில் நான் இரண்டு பொய் வளையங்களை எண்ணியிருக்கிறேன். 8-இலிருந்து 22 வரை திரும்ப லென்ஸ் வைத்ததும் மாட்டிக்கொண்டன. ஏற்கெனவே கழித்த இரண்டும் 2002 வளையத்துக்கு உட்புறம், நடுவை நோக்கி இருந்தவை. மொத்தம் நாலு. அக்கா வயது தப்பித்தது.

கருவிகள்: கைபேசி மேக்ரோ லென்ஸை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஓரங்கள் வளைந்து அகலம் பொய் சொல்லும். பழைய தட்டை ஸ்கேனர் போதும். 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) வைத்தால் ஒரு புள்ளி 0.02 மில்லிமீட்டர். அளக்க இலவச இமேஜ்ஜே மென்பொருள். கிராஃப் தாளில் போட்டுப் பார்க்காமல் நேரே கணினிக்குப் போகிறவர்கள் தப்பை அழகான வரைபடமாகப் போட்டுக்கொள்வார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்களில் மூன்று பேர், தென்னை, பனையிலும் இப்படி எண்ணலாமா என்று கேட்டிருந்தார்கள். அவற்றில் கேம்பியம் கிடையாது, வளையமும் கிடையாது. மரக்கடையில் துண்டு வாங்கினால் நாட்டுத் தேக்கா என்று கேளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தேக்கை நம்மூர் மழைக் கணக்கோடு ஒட்டவைக்கப் பார்த்து ஒருவர் ஒரு வாரம் வீணடித்திருக்கிறார்.

இன்னொருவரின் கணக்கு ஓர் ஆண்டு தள்ளியே வந்தது. மரம் வெட்டியது அக்டோபரில். வெளி வளையம் அந்த ஆண்டுக்கே உரிய அரைகுறை வளையம், அதை அவர் போன ஆண்டு என்று எழுதியிருந்தார். வெட்டிய மாதத்தை வட்டின் பின்புறம் முதல் நாளே பென்சிலில் குறித்துவிடுங்கள். ஸ்கேனர் கண்ணாடி கீறிப்போனவருக்கு: வட்டுக்கு அடியில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாள் போடுங்கள். அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.