'வராது' என்பதை 'இன்னும் வரவில்லை' ஆக்குவது எப்படி?

கணக்கு எனக்கு வராது, இங்கிலீஷ் வராது, வண்டி வராது. பத்திரிகை வைத்து வெற்றிலை பாக்கோடு அழைத்தும் கல்யாணத்துக்கு வராத தாய்மாமனைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொல்கிறோம். வராது என்றால் நேற்றும் இல்லை, நாளைக்கும் இல்லை, கதை முடிந்தது. வரவில்லை என்றால் இதுவரை நடந்ததை மட்டும் சொல்கிறது. ஆகவே முதல் வேலை, ஒரு வாரம் உங்கள் வாயிலிருந்து எத்தனை 'வராது' விழுகிறது என்று கவனியுங்கள். திருத்த வேண்டாம், எண்ணினால் போதும்.

என்னுடைய 'வராது' ஏற்காடு மலைப்பாதையில் பிறந்தது. நாற்பத்தொரு வயதில் கார் ஓட்டக் கற்று, சேலத்துக்குள் தைரியமாகச் சுற்றிக்கொண்டிருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிவாரம் தாண்டி மேலே ஏறினேன். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவதிலேயே எதிரே லாரி இறங்கி வர, நின்றேன், மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டு இன்ஜின் அணைந்துபோனது. பின்னாலிருந்தவர்கள் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஒன்றரை வருடம் 'மலையெல்லாம் எனக்கு வராது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் தாளில் எழுதிப் பார்த்தேன். இதுதான் அடுத்த வேலை: எது வரவில்லை என்று பொடிப்பொடியாக உடைத்து எழுதுங்கள். ஸ்டியரிங் வருகிறது, கியர் வருகிறது, வளைவில் திருப்புவதும் வருகிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியை உருளாமல் எடுப்பது மட்டும் வரவில்லை. அவ்வளவுதானா என்று எனக்கே சிரிப்பு வந்தது. கணக்கு வராது என்கிற பிள்ளைக்கும் பல நேரம் பின்னத்தை வகுப்பது மட்டும்தான் வந்திருக்காது.

மூன்றாவது, தப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் ஆளைப் பிடியுங்கள். (வீட்டுக்காரரிடம் மட்டும் வண்டி பழகாதீர்கள், குடும்பம் முக்கியம்.) எங்கள் தெருவில் டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒரு சரிவான ரோட்டில் நிறுத்தி, "ஏம்மா, கிளட்ச்ச மொத்தமா உடுற. லேசா உடு, வண்டி மூக்க தூக்கி நடுங்கும் பாரு, அப்ப ஹேண்ட் பிரேக்க எறக்கு" என்றார். முதல் பத்து தடவையில் ஏழு தடவை உருண்டது. முப்பதாவது தடவைக்குள் அந்த நடுக்கம் காலுக்குப் பிடிபட்டுவிட்டது. அதுவரை நான் முயற்சி செய்யாமல் இல்லை, தப்பான காலோடு முயன்றுகொண்டிருந்தேன். உழைத்தால் போதும் என்பவர்களோடு நான் ஒத்துப்போகாத இடம் இதுதான்.

நம்ம சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனைப் பாருங்கள். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர், 2015-இல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடிய உடனேயே பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் போனது. அதே கையை அதே மாதிரி இன்னும் ஆயிரம் தடவை சுழற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முறையையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2020 கடைசியில் வலைப்பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியா போனவர், 2021 ஜனவரிக்குள் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமாகிவிட்டார்.

பிள்ளைகள் விஷயத்தில் நம் பாராட்டே சில சமயம் வினையாகிறது. உளவியல் ஆய்வாளர்கள் கரோல் ட்வெக்கும் கிளாடியா முல்லரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சுற்றுப் புதிர்களைப் போட்டு முடித்ததும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றார்கள், சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றார்கள். பிறகு கடினமான புதிர்கள் கொடுத்துத் தோற்க விட்டார்கள். அடுத்து வந்த, முதல் சுற்றைப் போன்ற சுலபமான புதிர்களில் புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள், உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். சரி, அதற்காக 'சூப்பர், நல்லா ட்ரை பண்ண' என்று எல்லாவற்றுக்கும் சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். மார்க் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'இந்தக் கணக்கை எப்படி யோசித்தாய், எந்த வரியில் நின்றாய்' என்று கேளுங்கள். அந்த வரியில்தான் வேலை இருக்கிறது.

பெரிய அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் புத்தி வளரக்கூடியது என்ற இந்த எண்ணத்தை ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்த 2019 ஆய்வில், பின்தங்கியிருந்தவர்களின் சராசரி மதிப்பெண் 4-க்கு 0.1 அளவுதான் கூடியது. ஒரு மணி நேரச் செலவுக்கு மோசமில்லை, ஆனால் நல்ல வாத்தியாருக்கும் ட்யூஷன் ஃபீஸுக்கும் இது ஈடாகாது.

போன மாதம் ஏற்காடு ஏரி வரைக்கும் நானே ஓட்டிப் போனேன். மேலே போனதும் இரண்டு காருக்கு நடுவில் ரிவர்ஸில் நிறுத்த வரவில்லை, கடைக்காரப் பையன்தான் இறங்கச் சொல்லி நிறுத்திக் கொடுத்தான். வரும் ஞாயிறு அதற்குத்தான் வகுப்பு. இரண்டு பழைய பெயின்ட் டப்பா எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் அண்ணன்.