மாற்று எரிபொருளும் மைலேஜும்: கணக்கு தப்பும் இடங்கள்

சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை வாயு) காருக்கு மைலேஜ் அதிகம் என்று பலரும் சொல்வார்கள். கிலோவுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லி, பெட்ரோல் காரின் லிட்டர் கணக்கோடு ஒப்பிட்டும் காட்டுவார்கள். முதல் தவறு இதுதான். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ, அதிலுள்ள ஆற்றல் சுமார் 32 மெகாஜூல். ஒரு கிலோ சிஎன்ஜியில் 47 முதல் 50 மெகாஜூல் வரை இருக்கிறது. ஆக, ஒரு கிலோ வாயு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். எஞ்சின் திடீரென்று திறமைசாலி ஆகிவிடவில்லை, அளக்கும் படிதான் மாறியிருக்கிறது. கிலோ, லிட்டர், யூனிட் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கிலோமீட்டர் ஓட எவ்வளவு செலவாகிறது என்று மட்டும் பாருங்கள். மின்சாரக் கார் என்றால் பேட்டரியில் ஏறிய யூனிட்டை அல்ல, மின் மீட்டரில் ஓடிய யூனிட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது.

எத்தனாலில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் உண்டு. அதனால் 10 சதவீதம் கலந்தால் மைலேஜ் 3 சதவீதம் போலக் குறையும், 20 சதவீதம் கலந்தால் 6 அல்லது 7 சதவீதம். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் என்பதால், அதற்கென்றே வடிவமைத்த எஞ்சின் இந்த இழப்பில் கொஞ்சத்தை ஈடுகட்டும். "எத்தனால் கலந்ததிலிருந்து மைலேஜ் பாதியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், பழியை எரிபொருள் மேல் போடும் முன் டயர் காற்றையும் பிரேக் எங்காவது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனாலில் நிஜமாகவே கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. அது ஈரத்தை இழுக்கும். அதற்காக உருவாக்கப்படாத ரப்பர் குழாய்களையும் சீல்களையும் கெடுக்கும். உங்கள் கார் எவ்வளவு கலப்பைத் தாங்கும் என்பது கையேட்டிலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ பெரும்பாலும் எழுதியிருக்கும். 85 சதவீதக் கலப்பை ஃப்ளெக்ஸ் ஃப்யூல் (அதிக எத்தனால் கலப்பிலும் ஓடும்படி செய்த) கார் அல்லாத வேறு காரில் ஊற்றக் கூடாது. காரை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் கலப்புப் பெட்ரோலை அப்படியே விடுவதும் நல்லதல்ல. நீர் சேரச் சேர எத்தனால் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும்.

ஆக்டேன் பற்றி ஒரு வார்த்தை. அது எரிபொருளின் பலத்தைக் காட்டும் எண் அல்ல, எஞ்சினில் 'நாக்' (எரிபொருள் அழுத்தத்தில் தானாகவே பற்றி எஞ்சின் தட்டுவது) வராமல் அது தாங்கும் திறனைக் காட்டுவது. சாதாரணப் பெட்ரோல் போதும் என்று தயாரிப்பாளரே சொன்ன காரில் விலை கூடிய ரகத்தை ஊற்றினால் மைலேஜ் ஏறாது.

டீசல் காரில் சமையல் எண்ணெயை ஊற்றிப் பார்க்கும் ஆசை சிலருக்கு உண்டு. 1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான். ஆனால் எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்றைய இன்ஜெக்டரின் துளைகள் மிக நுண்ணியவை. தாவர எண்ணெயின் பிசுபிசுப்பு டீசலைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. மெத்தனாலுடன் வினைபுரியவைத்து மாற்றினால்தான் அது பயோடீசல். வடிகட்டிய பழைய எண்ணெய் பயோடீசல் ஆகாது.

தண்ணீரில் ஓடும் கார், பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் போன்றவற்றுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதைப் பிரிக்க ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மின்சாரமும் அதே எஞ்சினிலிருந்துதான் வருகிறது, திரும்பக் கிடைப்பது எப்போதும் குறைவு. தண்ணீர்க் கார் என்று முதலீடு திரட்டிய ஸ்டான்லி மேயர் மோசடி செய்ததாக அமெரிக்காவின் ஒஹையோ நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. அப்புறமும் அந்தக் கதை ஓயவில்லை.

எரிபொருளை மாற்றாமலே மிச்சம் பிடிக்கலாம், அதிலும் சில பழைய நம்பிக்கைகள் குறுக்கே நிற்கின்றன. இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவது அவற்றில் ஒன்று. இன்ஜெக்டர் உள்ள எஞ்சின், கியரில் இருக்க ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளையே பெரும்பாலும் நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க ஊற்ற வேண்டியிருக்கிறது. எஞ்சினின் பிடிமானமும் போய்விடுவதால் முழுப் பாரமும் பிரேக் மேல் விழுகிறது. வேகம் இன்னொன்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். மேலே வெறுமனே கிடக்கும் கேரியரைக் கழற்றி வைப்பது பல 'சேமிப்புக் கருவி'களைவிட உபயோகமான வேலை.

கார் மாற்ற நினைப்பவர்கள் தவறவிடும் ஒரு கணக்கும் உண்டு. லிட்டருக்கு 20-லிருந்து 25 கிலோமீட்டருக்குப் போவது பெரிய முன்னேற்றமாகத் தெரியும், 10-லிருந்து 12 அற்பமாகத் தெரியும். 100 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவதில் மிச்சம் 1 லிட்டர், இரண்டாவதில் 1.6 லிட்டருக்கும் மேல். வீட்டில் இரண்டு கார் இருந்தால், அதிகம் குடிக்கும் காரை முதலில் மாற்றுவதுதான் லாபம். இரண்டும் ஒரே அளவு ஓடினால், அவ்வளவுதான் நிபந்தனை.

எந்த மாற்றம் செய்தாலும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். டேங்க்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் போதும். ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். பம்ப் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். நாலைந்து தடவை சராசரி எடுங்கள்.